விழுந்த கொப்புக்கு என்ன வழி? வன்னியின் மரப் பயன்பாடு பற்றி ஒரு மீள்பார்வை

மாரியில் ஒரு பெருங்காற்று அடித்து ஓய்ந்தால், வன்னியில் ஓமந்தைப் பக்கத்தில் ஏ-9 வீதியோரத்துப் புளியோ மருதோ வேம்போ ஒரு கொப்பையாவது இழந்து நிற்கும். வீதியை மறித்துக் கிடப்பதை அரிந்து ஓரத்தில் தள்ளிவிடுவார்கள். கைப்பருமன் தடிகள் பொழுதுபடுவதற்குள் யாராவது வீட்டு அடுப்படிக்குப் போய்ச் சேரும். தொடைப்பருமனும் அதற்கு மேலுமான துண்டங்கள் மட்டும் கிடக்கும். மழையில் நனையும், வெயிலில் வெடிக்கும், கறையான் ஏறும். ஓராண்டு கழித்துப் பார்த்தால் செங்கல் சூளைக்குப் போயிருக்கும், இல்லையேல் மண்ணோடு மண்ணாகியிருக்கும்.

இந்தத் துண்டங்களுக்கு வேறு வழி இல்லையா என்ற கேள்விக்கு விடைகள் ஏராளம். கமக்காரர் ஒன்று சொன்னார், தச்சர் இன்னொன்று சொன்னார். வன அதிகாரி, சூழலியலாளர், மின்சக்தித் திட்டம் போடுகிறவர், சிற்பி என்று ஆளுக்கொரு விடை. அவை பல இடங்களில் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. எந்த விடை எந்தச் சூழலில் பிறந்தது, வன்னி நிலத்தில் அது எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

கேள்வி சின்னதாகத் தோன்றலாம். ஆனால் இலங்கை அரசு 1990 இல் இயற்கைக் காடுகளில் வணிகத்துக்காக மரம் தறிப்பதை நிறுத்தியது. அதன் பின்னர் நாட்டின் அறுவை மரத்தில் பெரும்பங்கு வீட்டு வளவுகளிலிருந்தும் நடுகைக் காடுகளிலிருந்தும் இறக்குமதியிலிருந்துமே வருகிறது. வளவு மரமே மரக்காலைக்குச் சரக்கு என்றான பிறகு, வளவில் விழும் கொப்பைக் குப்பைக் கணக்கில் எழுதுவது கொஞ்சம் அவசரம்.

கொப்பு வேறு, அடிமரம் வேறு

பெரும்பாலான விடைகள் ஒரே இடத்தில் சறுக்குகின்றன. கொப்பை அவை சிறிய அடிமரம் என்று எண்ணிக்கொள்கின்றன. தச்சர் அப்படி எண்ணுவதில்லை. கொப்புத் துண்டம் ஒன்றைக் கொண்டுபோய்ப் போட்டால் அவர் முதலில் பார்ப்பது வெட்டுமுகத்தைத்தான். நிமிர்ந்து வளர்ந்த அடிமரத்தில் ஊறு, அதாவது நடுச்சோறு, ஏறக்குறைய நடுவில் இருக்கும். சரிந்து நீண்ட கொப்பில் அது ஒருபக்கம் ஒதுங்கியிருக்கும். அகன்ற இலை மரங்களில், தன் பாரத்தைத் தானே தாங்கி நிற்கவேண்டிய கொப்பு, மேற்பக்கத்தில் இழுத்துப் பிடிக்கும் தன்மையுள்ள நாரைக் கூடுதலாக வளர்க்கிறது. ஊசியிலை மரங்களில் இது தலைகீழ்: அங்கே கீழ்ப்பக்கம் தடித்துத் தாங்கிக்கொடுக்கும்.

மரம் உயிரோடு நிற்கும்வரை இந்த இழுவை அதற்கு வலு. வாள் வைத்தவுடன் அதுவே வினையாகிறது. அரிய அரியப் பலகை வில்லாக வளையும், பிளவு மூடி வாளைக் கவ்வும். சீவுளி போட்டாலும் முகம் வழுவழுப்பாக வராது, பஞ்சுபோல நார் கிளம்பும். கொப்பில் பலகை எடுக்க மாட்டோம் என்று தச்சர்கள் சொல்வதற்குச் சோம்பல் காரணமில்லை.

இரண்டாவது சிக்கல் ஈரம். மரத்தின் ஈரம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கத் தொடங்கும்போதுதான் அது சுருங்கவும் தொடங்குகிறது. அந்தச் சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. வளையங்களின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப்போல் கிட்டத்தட்ட இருமடங்கு. ஊறோடு சேர்ந்த முழு உருளை காயும்போது ஆரை வாக்கில் வெடிக்காமல் வேறு வழியில்லை. அதிலும் வெட்டுமுகம் வழியாக ஈரம் மிக விரைவாக ஓடுவதால் நுனிகளில்தான் முதல் வெடிப்பு. வன்னியின் கச்சான் காற்றில் மூடாமல் விட்ட வெட்டுமுகத்தில் சில நாட்களிலேயே கோடு விழும்.

மூன்றாவது, கொப்பில் வைரம் குறைவு, வெளிறு கூட. வெளிறில் மாப்பொருள் இருக்கிறது, அதைத் தேடித்தான் துளைவண்டு வரும். வெள்ளைப் பொடி கொட்டத் தொடங்கினால் மரம் உளுக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். பழைய ஆட்கள் மரத்தைக் குளத்துச் சேற்றில் மாதக்கணக்கில் ஊறப்போட்டது இதற்காகத்தான். மாப்பொருள் கரைந்துபோனால் வண்டுக்கு அங்கே வேலையில்லை.

மரத்துக்கு மரம் இந்தக் கணக்கு மாறும். புளியங்கொப்பின் வெட்டுமுகம் பெரும்பாலும் மஞ்சள் வெளிறுதான், நடுவில் சிறிய கரும் ஊதா வைரம் தெரியும். வெளிறு எளிதில் உளுக்கும், ஆனால் நார் பின்னிக் கிடப்பதால் பிளக்காது. வேப்பங்கொப்பைப் பூச்சி அவ்வளவாகத் தொடாது. பாலை இரும்புக்குச் சமம், உளியின் வாய் மழுங்கும். முதிரையின் தூள் சிலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் உண்டாக்கும். பனையின் கதை முழுக்க வேறு. வெளிப்பக்கம் வைரமானதைப் புல் என்றும் உட்பக்கம் வைரமானதை மரம் என்றும் தொல்காப்பியத்து மரபியல் பிரித்து வைத்ததால் பனை அங்கே புல்லோடு சேர்ந்துவிடுகிறது. அதற்குக் கொப்பும் இல்லை. வடக்கின் வீட்டுக்கூரைகளைத் தாங்கிய மரம் நம் கேள்விக்கு வெளியே நிற்பது ஒரு வேடிக்கைதான்.

அடுப்பின் விடை

மிகப் பழைய விடை விறகு. அதை ஏளனமாகப் பேசுவது ஆய்வாளர்களுக்கு ஒரு பழக்கமாகிவிட்டது, காரணம் விளங்கவில்லை. 2012 குடிசனத் தொகைமதிப்பிலும் நாட்டின் பெரும்பாலான குடும்பங்களின் சமையல் எரிபொருள் விறகாகவே இருந்தது. 2022 பொருளாதார நெருக்கடியில் எரிவாயுச் சிலிண்டருக்கு வரிசையில் நின்று களைத்த பட்டணத்தாரும் விறகைத் தேடினார்கள். வன்னியில் அந்த வரிசையின் கொடுமை ஓரளவு தணிந்திருந்ததென்றால், கொல்லையில் கிடந்த காய்ந்த தடிகளுக்கும் அதில் பங்குண்டு.

விறகு என்ற விடையின் பலம் அதன் எளிமை. வளைவு, வெடிப்பு, உளு எதுவும் அதற்குத் தடையில்லை. கருவி என்று பார்த்தால் கோடாலி ஒன்று போதும். குறைகள் மூன்று. மூடிய குசினியில் புகை பெண்களின் நுரையீரலை அரிக்கிறது. ஈர விறகு தன் வெப்பத்தில் ஒரு பகுதியைத் தன் தண்ணீரை ஆவியாக்கவே செலவழிக்கிறது. மூன்றாவது பொருளாதாரம்: அந்தர் கணக்கில் விற்கும்போது முதிரைக் கொப்புக்கும் முருங்கைக் கொப்புக்கும் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. ஐம்பது ஆண்டுகளில் விளைந்த வைரம் ஒரு நேரச் சோற்றுக்கு எரிந்து போகிறது.

வளைவைத் தேடியவர்கள்

இந்த இடத்தில் உழவர் மரபின் விடை மற்ற எல்லாவற்றையும்விடக் கூர்மையானது. கொப்பின் குறை என்று மரக்காலை எண்ணுகிற வளைவை அவர்கள் அதன் தகுதியாகக் கண்டார்கள்.

நாட்டுக் கலப்பையை எடுத்துக்கொள்வோம். கொழு பூட்டும் அடிப்பகுதி நிலத்தோடு கோணமாக வளைந்து நிற்கவேண்டும். நேரான மரத்தில் அந்த வளைவை அரிந்து எடுத்தால் நார் குறுக்கே அறுபடும், முதல் கட்டியில் இடித்தவுடன் ஒடியும். இயற்கையாகவே வளைந்து வளர்ந்த கொப்பில் எடுத்தால் நார் வளைவோடு சேர்ந்து ஓடும், ஒடியாது. ஆகவே கலப்பை செய்கிறவர் மரத்தை நிமிர்ந்து பார்த்துக் கவர் எங்கே, மடிப்பு எங்கே என்று தேடுவார். மரம் நிற்கும்போதே அவர் கண்ணில் அது கலப்பையாகிவிடும். நுகத்துக்கு மெல்லிய வளைவு, வண்டிலின் சில பாகங்களுக்கு வேறொரு வளைவு, கவட்டைக் கம்புக்குக் கவர். மண்வெட்டிப் பிடிக்கும் கோடாலிப் பிடிக்கும் நேரான இளங்கொப்பு. உலக்கைக்குப் பாலை, முதிரை, கருங்காலி. திருவலைக் கட்டை, மத்து, அகப்பைக்காம்பு, பம்பரம் என்று பட்டியல் வீட்டுக்குள்ளும் நீளும். பிளக்காத புளி இறைச்சி வெட்டும் குற்றியாகும்.

கடலோரத்திலும் இதே அறிவுதான். மரக்கலத்தின் விலா எலும்புகளுக்கு வளைந்த கொப்புகளைத் தேடி எடுப்பது உலகம் முழுவதும் கப்பல் கட்டுவோரின் வழக்கம். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம்வரை பாய்விரித்துச் சென்றது. ஒட்டுப்பலகையும் கண்ணாடி நாரும் இல்லாத காலத்து வேலை அது.

இந்த விடையின் பலவீனம் வாங்குபவர் இல்லாமை. இரண்டு சில்லு லாண்ட்மாஸ்டரும் நான்கு சில்லு உழவு இயந்திரமும் வந்த பிறகு கலப்பைக்கும் நுகத்துக்கும் தேவை அற்றுப்போயிற்று. அரிசி ஆலையும் கிரைண்டரும் உலக்கையைச் சுவரில் சாத்தின. வைர மரத்தின் பெரிய வாடிக்கையாளராக இருந்த புகையிரதப் பாதையும் கைவிட்டது. போர்க்காலத்தில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பிடுங்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. 2011 இல் ஓமந்தைவரை திரும்ப ஓடத் தொடங்கிய ரயில் 2014 இல் யாழ்ப்பாணத்தைத் தொட்டபோது, புதுப்பாதையைத் தாங்கியது கொங்கிறீற்று. எஞ்சியிருப்பது மண்வெட்டிப் பிடியும் கத்திப்பிடியும்தான். அதையும் கடைகளில் தொழிற்சாலைப் பிடிகள் பிடித்துக்கொண்டு வருகின்றன.

இதே மரபின் நகரத்து வாரிசு என்று கைவினைத் தளபாடத்தைச் சொல்லலாம். வெடிப்பையும் முடிச்சையும் மறைக்காமல், பட்டையோரத்தை அப்படியே விட்டு மேசை செய்யும் பாணியை உலகறியச் செய்தவர்களில் ஜோர்ஜ் நாகஷிமா முக்கியமானவர். அவர் தச்சராகுமுன் கட்டடக் கலைஞர். 1930களின் பிற்பகுதியில் புதுச்சேரி அரவிந்தர் ஆச்சிரமத்தின் கொல்கொண்டே விடுதிக் கட்டுமானத்தைக் கவனித்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய வம்சாவளியினர் என்பதற்காக அமெரிக்க அரசு அவர் குடும்பத்தை ஐடகோவின் மினிடோக்கா முகாமில் அடைத்தது. கையில் கிடைத்த கழிவு மரத்தில் வேலை செய்யும் கலையை அங்கேதான் ஒரு ஜப்பானியத் தச்சரிடம் தீட்டிக்கொண்டார். வெடிப்பு ஓடாமல் வண்ணத்துப்பூச்சி வடிவ ஆப்பு வைத்துப் பிடிக்கும் அவருடைய முறை ஊறு வெடித்த கொப்புக்கும் பொருந்தக்கூடியது. 1981 இல் வெளிவந்த அவரது நூலின் பெயரே மரத்தின் ஆன்மாவைப் பற்றியது.

முகாமும் கழிவு மரமும் வன்னிக்கு அந்நியமான சொற்கள் அல்ல. போரில் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. மீளக்குடியேறியவர்கள் காட்டுத்தடியில் கொட்டில் போட்டுத்தான் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். ஆனால் நாகஷிமாவுக்கு அமெரிக்காவில் வசதியுள்ள வாடிக்கையாளர் இருந்தனர். ஓமந்தையில் கடைந்த புளியங்கிண்ணத்தை யார் வாங்குவார் என்ற கேள்விக்கு, புலம்பெயர்ந்தவர்கள், சுற்றுலாப் பயணிகள் என்ற வழக்கமான பதில் சொல்லப்படுகிறது. அது ஒரு சில கைவினைஞரைத் தாங்கும். ஊரில் விழும் கொப்பையெல்லாம் தாங்கும் என்று நம்புவது கடினம்.

யாருடைய கொப்பு?

என்ன செய்யலாம் என்று கேட்கும் முன்பே எடுத்துப்போகலாமா என்ற கேள்வி வந்து நிற்கிறது. இதற்கும் நீண்ட வரலாறு உண்டு. 1841 இல் பிரஷ்யாவின் ரைன் மாகாண சபை, காட்டில் விழுந்த சுள்ளி பொறுக்குவதையும் களவாகக் கருதும் சட்டமொன்றை விவாதித்தது. இளம் பத்திரிகையாளராக இருந்த கார்ல் மார்க்ஸ் அதை எதிர்த்துத் தொடர் கட்டுரைகள் எழுதினார். மரத்திலிருந்து தானே பிரிந்து விழுந்தது உடைமையிலிருந்தும் பிரிந்துவிட்டது, நிற்கும் மரத்தைத் தறிப்பதும் அதுவும் ஒன்றாகா என்பது அவருடைய வாதத்தின் சாரம். பொருளாதாரக் கேள்விகளின் பக்கம் தன்னை முதலில் தள்ளியவற்றில் இந்த விவாதமும் ஒன்று என்று அவரே பின்னாளில் குறிப்பிட்டார்.

குடியேற்ற ஆட்சி மறுபக்கத்தில் நின்றது. இலங்கையில் 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், உரிமை நிறுவப்படாத காடும் தரிசும் முடிக்குரியவை என்ற அனுமானத்தை ஏற்படுத்தியது. சேனையும் விறகும் தேனும் ஊராரின் வழக்காறாக இருந்த வன்னிக்கு அது சிறிய மாற்றமில்லை. இன்றும் அடிப்படையாக இருப்பது 1907 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க வனக் கட்டளைச்சட்டம், இடையிடையே திருத்தங்களோடு. அதே மரபில் வந்த 1927 ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம், தறித்த மரத்தோடு விழுந்த மரத்தையும் வெட்டுமரம் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. சட்டத்தின் கண்ணில் காற்றும் கோடாலியும் ஒன்றுதான். இவற்றுக்கு மேலே 1951 ஆம் ஆண்டின் மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண்பனை போன்ற பயன்தரு மரங்களைத் தனியார் காணியிலும் காக்கிறது.

நடைமுறையில் இது எப்படி முடிகிறதென்று பார்க்கலாம். ஒருவர் வளவில் முதிரைக் கொப்பு ஒன்று முறிந்து விழுகிறது. நான்கடி நீளம், இரண்டடிச் சுற்றளவு. அதை மரக்காலைக்கு ஏற்றிப் போக அனுமதி வேண்டும். கிராம அலுவலர் உறுதிப்படுத்தல், வன அதிகாரியின் பார்வை, கொண்டுசெல்லும் பத்திரம். இவற்றுக்கான அலைச்சலும் ட்ராக்டர் கூலியும் கொப்பின் விலையைத் தாண்டிவிடும். வளவுக்குள்ளேயே கொத்தி எரித்தால் ஒருவரும் கேட்கப்போவதில்லை. மரத்தைக் காக்க எழுதிய விதி மரத்தை அடுப்பில் வைக்கிறது.

அப்படியென்றால் விழுந்த கொப்புக்கு விலக்குக் கொடுத்துவிடலாமே என்பது ஒரு தரப்பு. எதிர்த்தரப்பின் வாதத்தையும் இலேசாகத் தள்ள முடியாது. முதிரையின் மீது கண் வைத்தவர்கள் இன்று நேற்று வந்தவர்களல்லர். 1833 இல் பேராதனையில் மகாவலியின் மேல் ஏறத்தாழ 205 அடி நீளத்தில் ஒற்றை வளைவாக எழுந்த பாலம் முதிரையால் ஆனது. 1905 வரை அது நின்றது. தளபாடத்துக்காக முதிரை இங்கிலாந்துக்கும் கப்பல் கப்பலாகப் போனது. இன்றும் வவுனியா, முல்லைத்தீவுப் பக்கத்தில் முதிரை, பாலைக் குற்றிகளோடு வாகனம் பிடிபட்ட செய்தி வராத மாதம் குறைவு. விழுந்தது எல்லாம் உரியவருக்கு என்றால், அடிப்பட்டையைச் சுற்றி உரித்தோ அடியில் தீ வைத்தோ மரத்தை விழவைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

என் மதிப்பீட்டில், இங்கே இருதரப்பும் கொப்பையும் அடிமரத்தையும் ஒரே தராசில் வைக்கின்றன. சுற்றளவுக்கும் நீளத்துக்கும் ஓர் எல்லை வைத்து, அதற்குக் கீழ்ப்பட்ட கொப்பைக் கிராம அலுவலரின் ஒரு கடிதத்தோடு விடுவிப்பது களவுக்குப் பெரிய வாசலைத் திறக்காது. தளபாடத்துக்கு உதவாத அளவை யாரும் களவெடுக்க மாட்டார்கள், கைப்பிடி செய்கிறவருக்கோ அதுவே போதும். ஆனால் அந்த எல்லை எங்கே என்பதை மரத்துக்கு மரம் வகுக்கவேண்டும். கருங்காலியில் கைப்பருமனுக்கும் விலை உண்டு.

கோயில் மரத்துக்குச் சட்டத்துக்கு முன்பே வேறொரு விதி இருந்தது. குளக்கட்டு ஐயனாரின் மரத்தில் முறிந்ததை ஊரார் அடுப்புக்கு எடுப்பதில்லை. அது கோயில் மடைப்பள்ளிக்கோ, அரசும் ஆலும் அத்தியும் என்றால் ஓமச் சமித்துக்கோ போகும். எழுதாத அந்த ஒழுங்குக்குக் காவலாளி தேவைப்படவில்லை.

கிடக்கட்டும் என்போர்

எடுக்கவே வேண்டாம், விழுந்த இடத்தில் விட்டுவிடு என்பது சூழலியலின் விடை. ஆங்கிலச் சூழலியலாளர் சார்ள்ஸ் எல்ற்றன் 1966 இல் வெளியிட்ட நூலில், பட்ட மரத்தையும் விழுந்த மரத்தையும் முழுதாக அகற்றினால் காடு தன் விலங்கினத்தில் ஐந்தில் ஒன்றை இழந்துவிடக்கூடும் என்று மதிப்பிட்டார். பூஞ்சை, வண்டு, கறையான், அவற்றைத் தின்னும் அரணை, மரங்கொத்தி என்று சங்கிலி நீளும்.

காட்டுக்குள் இந்த விடையை மறுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. ஆனால் அதை வளவுக்கும் வீதியோரத்துக்கும் அப்படியே கொண்டுவருவது பொருந்தாது. குளிர்நாட்டில் விழுந்த ஓக் மரம் பல பத்தாண்டுகள் கிடந்து மெல்ல உக்கும். இங்கே கறையான் அந்த வேலையைப் பல மடங்கு வேகமாக முடிக்கும். வீட்டருகே கிடக்கும் தடிக்குவியல் புடையனுக்கு இடம் கொடுக்கும், கச்சான் காலத்தில் தீக்கு இரையாகும். ஐரோப்பிய எண்களை வைத்து வன்னி வளவுக்கு அறிவுரை சொல்லும் கட்டுரைகள் இதைக் கவனிப்பதில்லை.

தூளும் கரியும்

பயனைத் தேடி மரத்தின் உருவத்தையே அழிக்கும் விடைகளும் உண்டு: சீவல், தூள், கரி, மின்சாரம். இவற்றுக்கு வளைவும் வெடிப்பும் பொருட்டில்லை என்பது கவர்ச்சி. சீமைக்கிளுவையை அரசு 2005 இல் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காம் பெருந்தோட்டப் பயிராக அறிவித்தபோது நோக்கம் எரிபொருள்தான். ஆனால் அந்தத் திட்டம் ஒரே இடத்தில் நட்டு, ஒரே பருமனில் திரும்பத் திரும்ப வெட்டும் பயிரை நம்பியது. இங்கொன்றும் அங்கொன்றுமாக, இன்று புளி நாளை மருது என்று விழும் கொப்பைத் திரட்டும் வண்டிக்கூலியே இலாபத்தைத் தின்றுவிடும்.

காளான் வளர்ப்புக்கு மா, இறப்பர் போன்ற மென்மரத்தூள் உகந்தது, வேம்பும் முதிரையும் ஆகாது. மண்மூடிக் கரிச்சூளையில் பத்துப் பங்கு மரத்துக்கு ஒன்றிரண்டு பங்கே கரியாகத் தேறும். அதை மண்ணில் இடும் உயிர்க்கரி ஆய்வுகளின் முடிவுகள் மண்ணுக்கு மண் மாறுகின்றன. மெல்லிய கொப்பையும் இலையையும் கத்தரி, மிளகாய்ப் பாத்திக்கு மூடாக்காகப் போடுவது எளிமையான, தவறாத வழி. கமக்காரருக்கு அதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மரத்துக்குள் இரும்பு

மற்ற ஊர்களில் எழாத ஒரு கேள்வி ஓமந்தையில் எழுகிறது. 1997 மே மாதம் தொடங்கிய ஜெயசிக்குறு நடவடிக்கையில் இராணுவம் முதலில் கைப்பற்றிய இடங்களில் ஒன்று இது. 1999 நவம்பரில் மீண்டும் கைமாறியது. 2002 இல் ஏ-9 திறந்தபோது வடக்குக்கும் தெற்குக்கும் இடையிலான சோதனைச்சாவடியானது. எறிகணைச் சிதறலும் குண்டும் பாய்ந்த மரம் சாகவேண்டியதில்லை. ஆண்டுக்காண்டு அது இரும்பை உள்ளே மூடிக்கொண்டு வளரும். வெளியே ஒரு தழும்பு, சில வேளை அதுவும் இல்லை.

அரிவு ஆலையின் வாள் அந்த இரும்பைத் தொட்டால் பல் தெறிக்கும், பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. அதனால் போர் நடந்த நிலத்து மரம் என்றாலே விலை குறையும். பிரான்சின் வேர்டன் காடுகளில் முதலாம் உலகப் போரின் உலோகம் ஒரு நூற்றாண்டு கழிந்தும் மர வணிகத்தைத் தொல்லைப்படுத்துகிறது. உலோகங்காட்டி வைத்துப் பார்த்த பின்பே அங்கே பல ஆலைகள் மரத்தை ஏற்கின்றன. கருவி இல்லாதவருக்கும் ஓர் அடையாளம் உண்டு. துவர்ப்புச் சத்துள்ள மரத்தில் இரும்பு இருந்தால் அதைச் சுற்றி நீலக் கறுப்பாகக் கறை படரும். வெட்டுமுகத்தில் அப்படியொரு கறை ஓடினால் வாளை நிறுத்தவேண்டும். மிதிவெடி அகற்றப்படாத பற்றைக்குள் விழுந்து கிடப்பதை எடுக்கப் போகவே கூடாது என்பது தனியே சொல்லவேண்டிய விடயமல்ல.

கைப்பொறி வைத்துச் சிறு துண்டுகளைக் கடைகிறவருக்கு இந்த ஆபத்து குறைவு, கறை அவருக்கு அலங்காரமாகவும் அமையலாம். போர்த்தழும்பை விற்பனைப் பொருளாக்குவது சரியா என்ற கேள்வி மரத்தொழிலைத் தாண்டியது. அதை இங்கே தொடவில்லை.

எஞ்சி நிற்பவை

ஒரு கொப்பு விழும் நாளுக்கான விடையும் ஓராயிரம் மரம் விழும் நாளுக்கான விடையும் ஒன்றல்ல. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் காவிரிப் படுகையைக் கடந்தபோது இலட்சக்கணக்கில் தென்னைகள் சாய்ந்தன. எல்லோரிடமும் ஒரே வேளையில் ஒரே மரம் கிடந்ததால் வாங்க ஆளில்லை. தோட்டத்திலிருந்து அகற்றும் செலவே தனிச்சுமையாயிற்று. 2020 டிசெம்பர் 2 இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறிய புரெவி அந்த அளவு நாசம் செய்யாமல் போனது வன்னியின் நல்லகாலம். பெரும்புயலுக்கு வேண்டியது களஞ்சியமும் நடமாடும் அரிவு வாளும் அரசின் விலையாதரவும். கைவினை அங்கே உதவாது. நாளாந்தம் விழும் ஒற்றைக் கொப்புக்கோ களஞ்சியம் வீண்.

ஒற்றைக் கொப்பைப் பொறுத்தவரை, தீராமல் இருப்பவை இரண்டு. அனுமதியின் எல்லையை மரத்துக்கு மரம் எப்படி வகுப்பது என்பது ஒன்று. பம்பைமடுவில் 2021 ஓகஸ்ட் முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்கும் வவுனியாப் பல்கலைக்கழகமும் வனவளத் திணைக்களமும் சேர்ந்து ஓரிரு மாரிக்காலம் வீதியோரத்தில் விழுவதை அளந்தால் இதற்கு அடிப்படை கிடைக்கும். வளைவைப் பார்த்துப் பயனைக் காணும் தச்சுக்கண் அடுத்த தலைமுறைக்குப் போகுமா என்பது மற்றது. கலப்பை இல்லாத காலத்தில் அந்தக் கண்ணுக்கு வேலை கொடுக்கக்கூடிய பொருள் எது என்பதற்கு இதுவரை சொல்லப்பட்ட எந்த விடையும் போதுமானதாக இல்லை.

தீர்ந்தவையும் உண்டு. கொப்பில் பலகை தேடுவது வீண், கைப்பிடியும் குற்றியும் கடைசலும் கவரும் தேடுவது வீணில்லை. காட்டில் விழுந்தது காட்டுக்கே. மென்மரமும் உளுத்ததும் அடுப்புக்கும் பாத்திக்கும். வைரக் கொப்பை எரிக்குமுன் ஒருமுறை வெட்டுமுகத்தைப் பார்க்கவேண்டும். விழுந்த அன்றே வெட்டுமுகத்தில் மெழுகோ பழைய பெயின்ரோ, அதுவும் இல்லையென்றால் சாணமும் களிமண்ணும் குழைத்ததோ பூசி, நிலத்தில் படாமல் இரண்டு கல்லின் மேல் நிழலில் ஏற்றி வைத்துவிடுங்கள். அனுமதி கையில் வருவதற்கு மாதங்கள் ஆனாலும் மரம் கெடாமல் கிடக்கும்.